பிங்க் ராக்கெட்டும் மாமியாரின் நெஞ்சு வலியும்

ராக்கெட்னா நமக்குத் தெரிஞ்சது ரெண்டுதான். ஒண்ணு ஸ்ரீஹரிகோட்டா. இன்னொண்ணு சிவகாசி. முதலாவதை டிவியில பார்த்துக் கை தட்டுவோம். ரெண்டாவதை பாட்டில்ல வச்சுக் கொளுத்திட்டு, அது நேரா மேல போகாம எதிர்வீட்டு மொட்டை மாடிக்குப் போகும்போது உள்ளே ஓடிப் போய்க் கதவைச் சாத்துவோம்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒண்ணு இருக்குன்னு எனக்கு 2019 வரைக்கும் தெரியாது. அமெரிக்காவுல வேலைவெட்டி, வீட்டுக்கடன், முட்டி வலி எல்லாம் இருக்கிற ஐம்பது வயசு மனுஷங்க, சனிக்கிழமை காலையில குடும்பத்தோட வயல்காட்டுக்குப் போய், கையால செஞ்ச ராக்கெட்டை விட்டு, அது பாராசூட்ல இறங்கினதும் ஓடிப் போய் எடுத்துட்டு வர்றாங்க. இதுக்கு கிளப், மெம்பர்ஷிப், பரீட்சை, ரூல் புக் எல்லாம் உண்டு.

அதுலயும் அக்டோபர் மாசத்துல சில கிளப்புகள்ல எல்லா ராக்கெட்டும் பிங்க் கலர். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக. இன்னிக்குச் சொல்லப் போறது அதைப் பத்திதான். கூடவே எங்க வீட்டு விஷயமும் கொஞ்சம் வரும். தங்கமணி படிச்சுப் பார்த்து "போடுங்க"ன்னு சொன்ன பிறகுதான் போடுறேன்.

முதல்ல ராக்கெட் கதை.

அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல நார்ஃபோக்னு ஒரு சின்ன ஊர். அங்கே ஆர்வில் கார்லைல்னு ஒருத்தர் செருப்புக்கடை வச்சிருந்தார். வாணவேடிக்கைப் பைத்தியம். அவரோட அண்ணன் தம்பிகள்ல ஒருத்தர் ராபர்ட், அவருக்குக் குட்டி விமானம் செய்யற பைத்தியம். ரெண்டு பைத்தியமும் சேர்ந்ததுல 1954-ல பிறந்ததுதான் இந்தப் பொழுதுபோக்கு. காகிதக் குழாய், லேசான மரத்துல இறக்கை, மாத்திப் போடக்கூடிய ஒரு சின்ன மருந்து மோட்டார், உள்ளே மடிச்சு வச்ச பாராசூட். மேல போன ராக்கெட் உடையாம திரும்பி வரும், மோட்டாரை மட்டும் மாத்திட்டு மறுபடி விடலாம்.

அதே சமயத்துல அந்த நாட்டுப் பசங்க இரும்புக் குழாய்ல மருந்தை அடைச்சு வீட்டுக்குப் பின்னாடி ராக்கெட் விடறேன்னு கையையும் கண்ணையும் போக்கிட்டு இருந்தாங்க. நியூ மெக்ஸிகோவுல ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்துல வேலை பார்த்த ஜி. ஹாரி ஸ்டைன் 1957-ல இந்த ஆபத்தைப் பத்தி ஒரு பத்திரிகையில எழுதினார். அதைப் படிச்ச செருப்புக்கடைக்காரர், "என்கிட்ட ஒரு வழி இருக்கு"ன்னு ஸ்டைனுக்குக் கடுதாசி போட்டார். அதே வருஷம் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி ஆரம்பம். அதே வருஷம் அக்டோபர் 4 அன்னிக்கு ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்டுச்சு, அப்புறம் கேக்கணுமா! கொலராடோவுல வெர்ன் எஸ்டெஸ்னு ஒருத்தர் இந்தக் குட்டி மோட்டார்களைத் தானா செஞ்சு தள்ள ஒரு மெஷினைக் கட்டி, அதுக்கு மேபல்னு பேரும் வச்சார். எஸ்டெஸ் ராக்கெட்னா அந்த ஊர்ல இன்னிக்கும் சின்னப் பசங்களுக்குத் தெரியும்.

இப்ப என் தொழிலுக்குப் பிடிச்ச பகுதி. மோட்டார்கள்ல ஏ, பி, சின்னு வரிசை இருக்கு. ஏ மோட்டாரோட மொத்த உந்துவிசை அதிகபட்சம் 2.5 நியூட்டன் விநாடி. பி அதைப் போல ரெண்டு மடங்கு, 5. சி 10. இப்படியே ஒவ்வொரு எழுத்துக்கும் ரெண்டு மடங்கு. ஜி வரைக்கும் போனா 160. மோட்டார் மேல 'சி6-5'ன்னு போட்டிருந்தா, சி வகை, சராசரியா 6 நியூட்டன் தள்ளும், எரிஞ்சு முடிஞ்ச 5 விநாடி கழிச்சு உள்ளே சின்னதா ஒரு வெடி வெடிச்சு பாராசூட்டை வெளியே தள்ளும்னு அர்த்தம். கூட்டு வட்டி மாதிரி ஏறுதேன்னு பார்த்தேன், இது கூட்டு வட்டியை விட வேகம்.

எச்சுக்கு மேல போனா சும்மா விட முடியாது. 18 வயசு ஆகியிருக்கணும், லெவல் ஒன் சான்றிதழ் வாங்கணும். அதுல எச், ஐ வரைக்கும். லெவல் டூவுக்கு எழுத்துப் பரீட்சை உண்டு, ஜே, கே, எல். லெவல் த்ரீ எம்முக்கு மேல. அப்படியே எங்க பேங்க்ல ஸ்கேல் வாரியா லோன் சாங்ஷன் பவர் மாதிரி! போதாததுக்கு மேக்கர், செக்கரும் உண்டு. ராக்கெட்டைச் செஞ்சவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், ரேஞ்ச் பாதுகாப்பு அதிகாரின்னு ஒருத்தர் அதைக் கையில வாங்கி, இறக்கையை ஆட்டிப் பார்த்து, மோட்டாரைப் பார்த்து, கையெழுத்துப் போட்டாதான் ஏவுதளத்துக்குப் போகும். "அவரு நம்ம ஆளு, விடுங்க"ன்னு அங்கே நடக்காது. நம்ம ஊர்ல சில கிளைகள்ல இந்தாளை டெபுடேஷன்ல போட்டா வாராக்கடன் குறையும்.

திரியைக் கொளுத்திட்டு ஓடற கதையும் கிடையாது. மின்சாரத்துலதான் பத்த வைக்கணும். சின்ன ராக்கெட்டுக்கே 15 அடி தள்ளி நிக்கணும். ராக்கெட் உடம்புல உலோகக் குழாய் கூடாது, காகிதம், மரம், பிளாஸ்டிக் மாதிரி லேசான பொருள்தான். ஒவ்வொரு ரூலுக்குப் பின்னாடியும் யாரோ ஒரு பையனோட விரல் இருக்குன்னு மச்சான் சொன்னான்.

மச்சான்னா தங்கமணியோட அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. மேரிலாண்ட்ல பால்டிமோர் பக்கத்துல இருக்கான், சாஃப்ட்வேர். நான் இங்கே இந்தூர், ராய்ப்பூர்னு சுத்திட்டு இப்ப நாக்பூர்ல. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுச் சாமானைக் கட்டுற ஜாதி. அவன் ஒரே ஊர்ல இருபது வருஷமா இருக்கான். ஆனா ஊரை விட்டு வந்தவங்கங்கிறதுல ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

2018 மார்ச்சுல அவன் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சது. எனக்கு அவங்க தங்கச்சி முறை. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன்னு அந்த வருஷம் பூரா ஓடுச்சு. நம்ம பக்கத்துல இருந்து போய் உதவ முடிஞ்சது தங்கமணி மட்டும், அதுவும் ஆறு வாரம். மச்சான் அந்தக் குளிர்காலத்துலதான் ராக்கெட் செய்ய ஆரம்பிச்சிருக்கான். பையனுக்காக வாங்கின ஒரு கிட் ரெண்டு வருஷமா கராஜ்ல பிரிக்காம கிடந்திருக்கு.

"அவ கீமோ முடிஞ்சு வந்து தூங்குவா, மாப்ளே. எழுப்பக் கூடாது. டிவி போடக் கூடாது. சமையல் வாசனை ஆகாது. நான் என்னதான் செய்யறது? கராஜுக்குப் போய் அட்டைக் குழாயைத் தேய்ச்சிட்டு இருப்பேன். தேய்ச்சா வழவழன்னு ஆகும்ல, அது ஒண்ணுதான் அந்த மாசத்துல நான் சொன்னபடி கேட்ட விஷயம்"னான்.

2019 அக்டோபர்ல சேர்த்து வச்ச லீவை எல்லாம் எடுத்துக்கிட்டு நாங்க மூணு பேரும் போனோம். பொண்ணுக்கு அப்ப பத்து வயசு. ஒரு சனிக்கிழமை காலையில புளிசாதம், உருளைக்கிழங்கு பொரியல் கட்டிக்கிட்டு, செசபீக் விரிகுடா மேல இருக்கிற அந்த நீளப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனோம். பாலத்துக்கு அப்புறம் நிலம் சட்டுனு தட்டையாயிடுது. நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிஞ்ச மாதிரி, கண்ணுக்கு எட்டின வரைக்கும் சோளத்தாள்.

கார்கள் வரிசையா நிக்குது. கூடாரம், மடக்கு நாற்காலி, பிள்ளைங்க, நாய். தூரத்துல ஏவுகம்பிகள். பக்கத்துல ஒரு மேஜையில பிங்க் ரிப்பன், மருத்துவத் துண்டுப் பிரசுரம், யாரோ வீட்டுல சுட்ட கேக், காசு போட ஒரு டப்பா. மத்த மாசத்துல இந்த ராக்கெட்டுங்க எந்தக் கலரோ, அன்னிக்கு முக்கால்வாசி பிங்க். தாடி வச்ச ஒரு பெரியவர் தலையை விட உயரமான பிங்க் ராக்கெட்டைக் குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கிட்டுப் போறார். கனடாவுல செசரோனிங்கிற கம்பெனி தீச்சுடர் நிறத்தை வச்சே மோட்டார்களுக்குப் பேரு வைக்கும், அதுல பிங்க்னே ஒரு வகையும் கொண்டு வந்திருக்கு. அந்த உலகத்துல ரசாயனம் வரைக்கும் இறங்கி யோசிக்கறாங்க.

உண்மையைச் சொல்லணும்னா எனக்கு உள்ளே கொஞ்சம் எரிச்சலா இருந்தது. ஏன்னா பிங்க் ரிப்பன்னா எனக்குத் தெரிஞ்சது ஆபீஸ் சமாச்சாரம். அக்டோபர் வந்தா ஒரு சர்க்குலர் வரும். லேடி ஸ்டாஃப் எல்லாம் பிங்க் சேலையில வரணும், ரிப்பன் குத்திக்கணும், கேக் வெட்டணும், போட்டோ எடுத்து மேலே அனுப்பணும். அனுப்பியாச்சுன்னா அந்த வருஷத்து விழிப்புணர்வு முடிஞ்சது. அந்த போட்டோவுல நிக்கிற எத்தனை பேர் அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட போனாங்கன்னு ஒரு காலம் போட்டுக் கேட்டா ஃபார்மட் காலியா வரும்.

இந்த எரிச்சல் எனக்கு மட்டும் இல்லை, அமெரிக்காவுலயே பழசுன்னு அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். முதல்ல ரிப்பன் பிங்க்கே இல்லை. சார்லட் ஹேலின்னு ஒரு அம்மா. அவங்க குடும்பத்துலயே பல பெண்களுக்கு இந்த நோய். 1990-களோட ஆரம்பத்துல வீட்டு சாப்பாட்டு மேஜையில உக்கார்ந்து, பீச் பழ நிறத்துல ரிப்பன் செஞ்சு, கூட ஒரு அட்டை வச்சுக் கொடுத்தாங்க. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோட பட்ஜெட்ல தடுப்புக்கு வெறும் 5 சதவீதம்தான் போகுது, எம்.பி.க்களை எழுப்புங்கன்னு அந்த அட்டை கேட்டுச்சு. 1992-ல ஒரு பத்திரிகையும் எஸ்டே லாடர் அழகுசாதனக் கம்பெனியும் அந்த ரிப்பனைக் கேட்டப்ப, இது வியாபாரமாயிடும்னு அந்தம்மா மறுத்துட்டாங்க. உடனே கலரை மாத்திட்டாங்க. பீச் பிங்க் ஆச்சு. பட்ஜெட் கேள்வி கேட்ட அட்டை காணாமப் போச்சு.

அக்டோபர் மாசமும் அப்படித்தான். 1985-ல அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியும் ஐசிஐ கம்பெனியோட மருந்துப் பிரிவும் சேர்ந்து ஆரம்பிச்சது. டமாக்சிஃபென் மாத்திரையைக் கண்டுபிடிச்சு வித்த கம்பெனி அது. பொருளை வித்துட்டு ரிப்பனை ஒட்டிக்கிறதுக்கு 'பிங்க்வாஷிங்'னு பேரே இருக்கு. இதைப் படிச்சப்ப கோபம் வந்தது. அப்புறம் தங்கச்சி தினம் ராத்திரி சாப்பிட்டுட்டு இருந்த மாத்திரையும் அதே டமாக்சிஃபென்தான்னு ஞாபகம் வந்தது. கோபத்தை எங்கே பற்று எழுத, எங்கே வரவு வைக்கன்னு தெரியலை.

சரி, மைதானத்துக்கு வர்றேன்.

அங்கே ஒரு வழக்கம். ராக்கெட் விடறவங்க ஒரு அட்டை நிரப்பணும். பேர், ராக்கெட் பேர், என்ன மோட்டார், எவ்வளவு எடை, எப்படி இறங்கும். அந்த அட்டையைப் பார்த்துதான் மைக்ல ஒருத்தர் அறிவிச்சு, அஞ்சுல இருந்து எண்ணுவார். அன்னிக்கு மட்டும் அட்டையில இன்னொரு வரியும் எழுதச் சொன்னாங்க: யாருக்காக. மைக்காரர் அதையும் சேர்த்து வாசிச்சார். "மூணாம் நம்பர் கம்பியில, எஃப் மோட்டார், அவரோட மனைவிக்காக, ரெண்டு வருஷம் ஆச்சு, நல்லா இருக்காங்க." எண்ணிக்கை. உஸ்ஸ்! "அஞ்சாம் நம்பர்ல, அவங்க அம்மாவுக்காக, மார்பகப் புற்றுநோய், 2011." எண்ணிக்கை. உஸ்ஸ்! காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இப்படியே. யாரும் அழலை. பிள்ளைங்க பாராசூட் பின்னாடி ஓடிட்டு இருந்தாங்க. நாய் குரைச்சிட்டு இருந்தது.

மச்சானோடது எச் மோட்டார். அஞ்சடி ராக்கெட், அந்தக் கராஜ்ல தேய்ச்சது. அதுலதான் அவன் லெவல் ஒன் வாங்கணும். தங்கச்சி ஒரு தொப்பி போட்டுக்கிட்டு, முடி அப்பதான் சுருள் சுருளா வளர்ந்திருந்தது, நாற்காலியில உக்கார்ந்திருந்தாங்க. "அண்ணே, இது கீழ விழுந்து உடைஞ்சா என்னைய விட இவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாரு"ன்னாங்க. உடையலை. ஆயிரத்து ஐந்நூறு அடி போயிருக்கும். நேரா போய், ஒரு நொடி நின்னு, பாராசூட் விரிச்சு இறங்குச்சு.

அப்பதான் தங்கமணி அண்ணன்கிட்ட போய், "அண்ணே, எனக்கு ஒரு அட்டை கொடு"ன்னா.

இங்கே கொசுவத்தி சுத்தணும். என் மாமியார் 1996-ல இறந்தாங்க. கும்பகோணம். தங்கமணிக்கு அப்ப 15 வயசு, மச்சான் இன்ஜினியரிங் முதல் வருஷம். அம்மாவுக்கு நெஞ்சு வலின்னுதான் ரெண்டு பேருக்கும் சொல்லியிருந்தாங்க. நம்ம தமிழ்ல நெஞ்சுங்கிற சொல் எவ்வளவு வசதி பாருங்க. இதயமும் நெஞ்சுதான், நுரையீரலும் நெஞ்சுதான், மார்பகமும் நெஞ்சுதான், மனசும் நெஞ்சுதான். பொய்யே சொல்லாம ஒரு முழு வியாதியையும் அந்த ஒரு சொல்லுக்குள்ள ஒளிச்சு வைக்கலாம். மெட்ராஸ்ல வைத்தியம்னு ரெண்டு பேரும் போய் வருவாங்க, பிள்ளைங்க பாட்டி வீட்டுல இருப்பாங்க. இருபத்திரண்டு வருஷம் எங்க வீட்டுல அது ஹார்ட் அட்டாக்.

2018-ல தங்கச்சிக்கு வந்தது தெரிஞ்சு, கும்பகோணத்துல இருந்து சித்தி மச்சானுக்கு போன் போட்டு ஆறுதல் சொல்லியிருக்காங்க. "தைரியமா இருடா தம்பி. அந்தக் காலத்துல உங்கம்மாவுக்கு இருந்த வைத்தியமா இப்ப இருக்கு? அவளுக்கும் இதேதான், ஆனா லேட்டாயிடுச்சு." சொல்லிட்டு அவங்களே நிறுத்திட்டாங்களாம். போன்ல ரொம்ப நேரம் சத்தமே இல்லையாம்.

இதுல முக்கியமான ஒண்ணைச் சொல்லணும், ஏன்னா நம்ம வீடுகள்ல இதை ரொம்பக் குழப்பிக்கிறாங்க. அண்ணிக்கு வந்ததால நாத்தனாருக்கு வராது. ரத்த சம்பந்தம் இல்லை. ஆனா பெத்த அம்மாவுக்கு வந்திருந்தா பொண்ணுக்கு வர்ற வாய்ப்பு, மத்தவங்களை விட ஏறத்தாழ ரெண்டு மடங்கு. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2ன்னு ரெண்டு மரபணு இருக்கு, 1994, 1995-ல கண்டுபிடிச்சாங்க. அதுல கோளாறு இருக்கிற குடும்பங்கள்ல இன்னும் அதிகம், அது அப்பா வழியாவும் வரும், அதாவது மச்சான் வழியா அவன் பொண்ணுக்கும் வரலாம். அதுக்காகக் குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னா வராதுன்னு இல்லை. இந்த நோய் வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க குடும்பத்துல முன்னாடி யாருக்கும் இருந்ததில்லை.

தங்கமணி பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரி, தைராய்டுக்குப் போன ஆஸ்பத்திரின்னு எல்லா ஊர்லயும் ஒரு ஃபாரம் நிரப்பியிருக்கா. 'குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய்?' 'இல்லை.' கேட்டவங்களும் சரி, எழுதினவளும் சரி, யார் மேலயும் தப்பில்லை. விடைதான் தப்பு.

அந்த அட்டையை நிரப்ப அவளுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. எங்க பொண்ணு முந்தின நாள் ராத்திரி மாமாகூட சேர்ந்து ஒட்டின ஒரு சாண் ராக்கெட், சி6-5 மோட்டார், எல்லாத்துலயும் சின்னது. யாருக்காகங்கிற வரியில அம்மா பேரை எழுதி, பக்கத்துல 1996ன்னு போட்டா. மைக்காரர் தமிழ்ப் பேரைப் பார்த்துத் திணறி, மூணு துண்டா உடைச்சு வாசிச்சார். "இவங்களோட அம்மாவுக்காக. மார்பகப் புற்றுநோய்." மைதானம் பூரா கேட்டுச்சு. அண்ணனும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்துல நின்னாங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்க்கலை. அவங்க அம்மாவோட பேரும் அந்த நோயோட பேரும் சத்தமா ஒரே வாக்கியத்துல வந்தது அதுதான் முதல் தடவை. சொன்னது முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர்.

பொண்ணுதான் பட்டனை அமுக்கினா. போயி, விரிஞ்சு, காத்துல ரொம்ப தூரம் தள்ளிப் போய் விழுந்தது. ஓடிப் போய் எடுத்துட்டு வந்து, "அம்மா, பாட்டிக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டா. தங்கமணி சோளத்தாள் நடுவுலயே உக்கார்ந்து அவளுக்குப் புரியற மாதிரி சொன்னா.

அன்னிக்கு டப்பாவுல சேர்ந்தது ஆயிரம் டாலரைக் கொஞ்சம் தாண்டுச்சு. ராக்கெட்டுக்கு அவங்க செலவழிச்ச மோட்டார் காசு அதைவிட ஜாஸ்தி இருக்கும். பேலன்ஸ் ஷீட் போட்டா இது நஷ்டக் கணக்கு. நான் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. ஆனா அந்தக் கணக்குல எங்க வீட்டு எண்ட்ரி வராதே.

திரும்பி வந்ததும் தங்கமணி கும்பகோணம் போய் அப்பாகிட்ட நேராவே கேட்டா. மாமனாருக்கு அப்ப எழுபத்திரண்டு. ஒண்ணும் பேசலை. பீரோவைத் திறந்து, எஃப்.டி. ரசீது எல்லாம் வச்சிருக்கிற அதே பிளாஸ்டிக் கவர்ல இருந்து பழுப்பேறின ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். 1994-ல மெட்ராஸ்ல எடுத்த பயாப்ஸி ரிப்போர்ட். வயசு 41. "உன் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேம்மா. முடிஞ்சப்புறம் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை"ன்னார். அவ்வளவுதான். அந்த மனுஷன் ரெண்டு வருஷம் பஸ்ல மெட்ராஸுக்கும் ஊருக்குமா அலைஞ்சிருக்கார், சொத்துல ஒரு வீட்டை வித்திருக்கார். கவனிக்காம விட்டவர் இல்லை. அந்த ரிப்போர்ட்டை இருபத்தஞ்சு வருஷம் தூக்கிப் போடாம வச்சிருந்ததே எனக்குப் பெரிசாப் பட்டுச்சு.

அந்தக் காகிதம் வேலைக்கு வந்தது. நாக்பூர்ல டாக்டரம்மா அதைப் பார்த்த உடனே, "அம்மாவுக்கு 41-ல வந்திருக்கு. பொதுவா அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே பரிசோதனை ஆரம்பிச்சிருக்கணும்"னு சொல்லி, மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் எடுத்தாங்க. முதல் தடவை ஒரு சின்னக் கட்டி தெரிஞ்சு, ஊசி வச்சு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. ரிசல்ட் வர்ற ஆறு நாள் நானும் தேய்க்க ஒரு அட்டைக் குழாய் தேடினேன். சாதாரணக் கொழுப்புக் கட்டி. அதுல இருந்து வருஷா வருஷம் போறோம். இதுவரைக்கும் ஒண்ணுமில்லை. தங்கச்சியும் அஞ்சு வருஷ மாத்திரையை முடிச்சுட்டாங்க, நல்லா இருக்காங்க.

நம்ம நாட்டு நிலைமையையும் ரெண்டு வரியில சொல்லிடறேன். இந்தியாவுல பெண்களுக்கு வர்ற புற்றுநோய்ல முதலிடம் இதுக்குத்தான். உலகப் புற்றுநோய்க் கணக்கான குளோபோகேன் மதிப்பீட்டுல 2022-ல மட்டும் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதுசா வந்தது, 98,000 பேர் இறந்தாங்க. 2019-21-ல எடுத்த தேசியக் குடும்பநல சர்வேயில, மார்பகப் பரிசோதனை எப்பவாவது செஞ்சுக்கிட்டேன்னு சொன்ன பெண்கள் நூத்துக்கு ஒருத்தர் கூட இல்லை.

மெஷின் இல்லையே, வசதி இல்லையேன்னு சொல்றவங்களுக்கு மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியோட ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. 1998-ல ஆரம்பிச்சு இருபது வருஷம், மும்பைக் குடிசைப் பகுதிகள்ல 35-லிருந்து 64 வயசு வரைக்கும் ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேருக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர் பெண்கள் கையாலயே பரிசோதிச்சாங்க. பணியாளர்கள் டாக்டர் இல்லை, பத்தாவது படிச்சவங்க. 2021-ல முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த பக்கத்துல நோயைச் சீக்கிரக் கட்டத்துலயே பிடிச்சாங்க. 50 வயசைத் தாண்டினவங்கள்ல இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைஞ்சது. 50-க்குக் கீழ இறப்புல அந்த அளவு வித்தியாசம் தெரியலை, அதையும் மறைக்காம எழுதியிருக்காங்க. பயிற்சி பெற்ற கை, அவ்வளவுதான் செலவு. 2016-ல வந்த அரசு வழிமுறைப்படி 30 வயசுக்கு மேல அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கைப் பரிசோதனை அரசு சுகாதார மையத்துலயே செய்யணும். கேட்டா செய்வாங்க. கேக்கறதுதான் கஷ்டம்.

நம்மள மாதிரி வெளியூர்ல இருக்கிற பெண்களுக்கு அது இன்னும் கஷ்டம். ஊர்ல இருந்தா அத்தையோ சித்தியோ தெரிஞ்ச லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க. இங்கே பாஷை ஒரு சுவர். காய்கறிக்கடை ஹிந்தி சரளமா வரும், உடம்பைப் பத்திச் சொல்ற ஹிந்தி யாரும் கத்துக் கொடுத்திருக்க மாட்டாங்க. பக்கத்துல புருஷன் நின்னு மொழிபெயர்த்தா அந்தம்மா பாதியை முழுங்கிடுவாங்க. அதனால ஒரே ஒரு சொல் சொல்லித் தர்றேன். கட்டிக்கு ஹிந்தியில 'காண்ட்'. அந்த ஒரு சொல்லும் விரலால காட்டறதும் போதும், மீதியை டாக்டர் பார்த்துப்பாங்க. வலி இருக்காதுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கங்க, ஆரம்பத்துல அநேகமா வலி இருக்காது. வலிக்கலையேன்னு விட்டவங்கதான் அதிகம்.

கடைசியா என் தொழில் சார்ந்த ஒரு வேண்டுகோள். எங்க கவுண்டர்ல ஒவ்வொரு கணக்குக்கும் நாமினி யாருன்னு கேட்டு வாங்கிடறோம். நூறு ரூபா மினிமம் பேலன்ஸ் இருக்கிற கணக்குக்கும் நாமினி உண்டு. ஆனா தாத்தா எதுல போனார், பாட்டி எதுல போனாங்க, அப்ப என்ன வயசுங்கிற விவரத்துக்கு நம்ம வீடுகள்ல வாரிசே கிடையாது. அது தெரிஞ்ச கடைசி ஆள் போனா கணக்கும் மூடிடும். ஊர்ல இருக்கிற அந்த சித்தி, அந்தப் பெரியப்பா, அந்த எண்பது வயசு அத்தை இருக்கும்போதே போன் போட்டுக் கேளுங்க. "நெஞ்சு வலி"ன்னு சொன்னா, "எந்த நெஞ்சு, சித்தி?"ன்னு இன்னொரு கேள்வி கேளுங்க. ஒரு தாள்ல எழுதுங்க: பேர், நோய், வயசு. எஃப்.டி. ரசீது இருக்கிற கவர்லயே வைங்க. வச்சிருக்கீங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க.

எங்க வீட்டுத் தாள்ல முதல் வரி எங்க பொண்ணு எழுதினது. இப்ப அவளுக்கு 16 வயசு. அம்மாவைப் பெத்த பாட்டி, மார்பகப் புற்றுநோய், 41 வயசுல தெரிஞ்சது, 43-ல இறந்தாங்க. கையெழுத்து மோசம். ஆனா விடை சரி.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, லோன் வேணும்னா கேளுங்க. உடம்பு விஷயத்துக்கு டாக்டர்கிட்ட போங்க. இதைப் படிச்சுட்டுப் பையன் ராக்கெட் கேட்டா, சிவகாசி மருந்தைப் பிரிச்சு குழாய்ல அடைக்க மட்டும் விட்டுடாதீங்க. அந்த செருப்புக்கடைக்காரர் கடுதாசி போட்டதே அதைத் தடுக்கத்தான்.